ஏலக்கொப்பியின் பின்பக்கம்

அங்கே பின்னேரம் ஏழு மணி ஏழு நிமிசம்.
இங்கே விடியச்சாமம் நாலு முப்பத்தேழு.
பாசையூர்க் கரையில் வள்ளங்கள் இன்னும் முகம் காட்டவில்லை.
தராசைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு
போன் வெளிச்சத்தில்
இரண்டு பேரை நிறுக்கிறேன்.

ஒருவன் இடக்கையன்.
ஒன்பது சுற்றுக்கு மூன்று ஓட்டம்கூடக் கொடாதவன்.
மற்றவன் நாலரை கொடுப்பான்.

பேஸ்போலை நான் கையால் தொட்டதில்லை.
தேசிக்காய் அளவோ, தோடம்பழம் அளவோ
என்று அல்பிறட்டிடம் ஒருநாள் கேட்டேன்.
'தோடம்பழம். தையல் போட்டது' என்றான்.

அல்பிறட் என் மாமியின் மகன்.
ஸ்காபரோவில், குளிரறையில்,
இரவு முழுக்கப் பெட்டி அடுக்குகிறவன்.
வேலைக்கு இறங்க முன் ஒரு கேள்வி அனுப்புவான்:
'இண்டைக்கு ஆர்?'
நான் ஒரு பேர் அனுப்புவேன்.
சித்திரையிலிருந்து புரட்டாதி வரை
அவ்வளவுதான் எங்கள் கதை பேச்சு.

பேரைப் பார்த்து நான் எடுப்பதில்லை.
முதலில் எறிகிறவன்:
கடைசி ஐந்து ஆட்டத்தில் எத்தனை பேரைச் சும்மா நடக்க விட்டான்,
முழங்கையில் கத்தி பட்டதோ.
பிறகு எதிரே நிற்கிற அடிகாரர்:
இடக்கையனைக் கண்டால் இவர்களுக்கு
மட்டை இனிக்குமா, கைக்குமா.
பிறகு, ஏழாம் சுற்றில் கை சோர்ந்தவனை இறக்கினால்
பின்னால் குந்தியிருக்கிறவர்கள் ஆர்.
செவுளைத் தூக்கிப் பாராமல் மீன் எடுக்கிறவன்
விலையை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறான்.

காற்றையும் கேட்பேன்.
'பதினாலு மைல், வெளிப்பக்கமா.'
அந்தக் காற்றுக்குப் பேர் இல்லையோடா?
'இல்லை மச்சான். நம்பர்தான்.'
நானே அதற்குச் சோளகம் என்று பேர் வைத்தேன்.
சோளகம் எழும்பினால்
உயரப்போன பந்து திரும்பி வராது.
அன்றைக்கு எறிகாரனை நம்பப்படாது.

ஆவணியில் பதினொரு நாள், ஒன்பது சரி.
மெழுகுதிரி கொளுத்தச் சொல்லி
ஐயாயிரம் அனுப்பினான்.
அந்தோனியாருக்கு நூற்றைம்பதுக்குக் கொளுத்தினேன்.
மிச்சத்துக்கு ஒரு மழைக்கோட்டு.

பன்னிரண்டாம் நாள் இடக்கையன்.
எல்லாம் அவன் பக்கம்,
காற்றுக்கூட உள்ளுக்குத்தான் வீசியது.
இரண்டாம் சுற்றில் ஆறு ஓட்டம்.

நான் அப்போது ஏலம் எழுதிக்கொண்டிருந்தேன்:
நீலக்கால் நண்டு, பதினெட்டுக் கிலோ, மரியநேசன் வள்ளம்.
கணக்குப் பிழைக்கவில்லை.
எழுத்துத்தான் கோணல்.

மூன்று நாள் கேள்வி வரவில்லை.
நாலாம் நாள் அவன் மனுசி டிலானியின் குரல் வந்தது,
பத்து விநாடி.
'அண்ணை, அது வீட்டு வாடகை.
இனி அவருக்குப் பேர் சொல்லாதேங்கோ.'
பின்னால் ஏதோ இரைந்தது, குழாய்த் தண்ணியோ, பிள்ளையோ.

எவ்வளவு கட்டுகிறாய் என்று
ஐந்து மாதத்தில் ஒருக்கால் நான் கேட்கவில்லை.
முழங்கையைக் கேட்டேன்.
காற்றைக் கேட்டேன்.

பிறகு சொல்லவில்லை.
ஆனாலும் நாலு முப்பத்தேழு வருகிறது.
வள்ளம் தட்டும்வரை கை சும்மா கிடக்குதில்லை.
கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுகிறேன்,
ஒருவருக்கும் அனுப்பாமல்.
ஐந்து நாள். ஐந்தும் சரி.
இந்தச் சரியை
எந்தக் கரையில் வைத்து ஏலம் கூறுவது?

இன்று நண்டு முதலாளி சவிரிமுத்து
ஏதோ பழைய நிலுவை தேடிக் கொப்பியைப் புரட்டினார்.
இரண்டு புள்ளி எட்டு ஒன்றில் விரலை வைத்து
'இதென்ன விலை, எந்த மீன்?' என்றார்.

அது விலை இல்லை, ஐயா.

மரியநேசனின் வள்ளம் கரை தட்டியது.
தராசை நிமிர்த்தினேன்.